அலுமினியத்துக்குப் பின்னால் ஒரு சிவப்புச் சேறு

குக்கர், இட்லி பானை, ஜன்னல் சட்டம்னு நம்ம வீட்டில் அலுமினியம் இல்லாத இடமே இல்லை. அதோட கழிவைப் பத்தி ஒரு திரி. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க மக்களே.

பாக்சைட் தாதுவை காஸ்டிக் சோடாவில் வேகவைத்துத்தான் அலுமினாவைப் பிரிக்கிறார்கள். ஒரு டன் அலுமினா எடுத்தால் ஒன்று முதல் ஒன்றரை டன் சிவப்புச் சேறு மிஞ்சும். நிறம் இரும்பால் வருவது. ஆபத்து அதில் தங்கிவிடும் காரத்தில் இருக்கு.

2010 அக்டோபர் 4, ஹங்கேரி. ஆய்கா ஆலையின் சேற்றுக்குளக் கரை உடைந்து பக்கத்து ஊர்களுக்குள் சேறு புகுந்தது. 10 பேர் இறந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் காயம், பலருக்கு காரம் பட்ட புண்.

அமிலம் பட்டால் தோல் பொருக்குக் கட்டி, அதுவே ஓரளவு தடுப்பாகும். காரம் அப்படி இல்லைங்க. கொழுப்பை சோப்பாக்கி, சதையைக் கரைச்சு உள்ளே இறங்கிக்கிட்டே போகும். முதல் நாள் லேசாத்தான் தெரியும். (எந்தக் காரம் பட்டாலும் எலுமிச்சை, வினிகர் எல்லாம் வேண்டாம். ஓடுற தண்ணியில் அரை மணி நேரமாவது கழுவுங்க, அப்புறம் ஆஸ்பத்திரி.)

உலகம் முழுக்க வருஷத்துக்கு 15 கோடி டன்னுக்கு மேல் இந்தச் சேறு வருது. மறுபயன்பாடு சில சதவீதம்தான். மீதி குளத்திலும் மேட்டிலும் குவியுது. என்னைக் கேட்டால், இதை வெறும் சுற்றுச்சூழல் விஷயம்னு ஒதுக்க முடியாது. பொது சுகாதாரப் பிரச்சனை.

இப்போதைக்கு நல்ல வழி சிமெண்ட். கிளிங்கர் செய்ய இரும்பும் அலுமினாவும் எப்படியும் தேவை, சேற்றில் ரெண்டும் இருக்கு. இந்தியாவிலும் சிமெண்ட் ஆலைகளுக்கு அனுப்புறாங்க. ஆனா சோடியம் அதிகமானால் கான்கிரீட் பின்னாளில் விரிசல் விடலாம். அதனால கொஞ்சமாத்தான் கலக்க முடியும். லாரி, ரயில் வாடகையை யார் கொடுப்பது என்பதில்தான் பாதி திட்டம் நின்னுபோகுது. சேறு யாருடையதோ அவர்தான் கொடுக்கணும்.

"அப்ப செங்கல் பண்ணி வீடு கட்டலாமே டாக்டர்?" அவசரப்படாதீங்க. பாக்சைட்டில் இயற்கையாவே இருக்கும் தோரியம், யுரேனியம் சேற்றில் செறிவாகும். அளவு ஊருக்கு ஊர் மாறும். ரோட்டுக்கு ஒத்துவருவது, குழந்தை படுத்துத் தூங்கும் அறைக்கு ஒத்துவரணும்னு இல்லை.

நம்ம மேட்டூரிலும் அலுமினிய ஆலை ஓடி, சேறு குவிஞ்ச கதை உண்டு. எங்கே இதை எடுத்துப் பயன்படுத்தினாலும், காரம், கதிர்வீச்சு, தண்ணியில் கசிவு மூணுக்குமான பரிசோதனை முடிவைத் தமிழில் அச்சடிச்சு, முதல் லோடு கிளம்புறதுக்கு முன்னாடியே அந்தப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டுங்க.