ரப்பரைத் தள்ளி வையுங்கள்



போன வாரத் தபாலில் வாசகத் தோழி ஒருவரிடமிருந்து ஒரு பென்சில் படம் வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளில், சமையல் மேடை முன் நிற்கும் ஒரு பெண்ணின் முதுகு. முகம் தெரியவில்லை. இடுப்பில் செருகிய முந்தானையை இறுக்கிப் பிடித்திருக்கும் இடது கையை மட்டும் அழித்து அழித்து வரைந்திருந்தார். அந்த இடத்தில் தாளே நைந்துபோயிருந்தது. கூடவே ஒரு சீட்டு: "கை சரியா வரலை மேடம், மன்னிச்சுக்குங்க."

எனக்கோ அந்தக் கையை விட்டுக் கண் நகரவில்லை. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு நிற்பவளின் கை அது.

ஜெர்மானிய ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் நினைவுக்கு வந்தார். பெர்லினின் தொழிலாளர் பகுதியில் மருத்துவரான தன் கணவரிடம் வந்துபோன ஏழைப் பெண்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர். 1903-இல், இறந்த குழந்தையை அணைத்திருக்கும் தாயைப் படமாக்க நினைத்தார். 7 வயது மகன் பீட்டரைக் கையில் ஏந்திக்கொண்டு, கண்ணாடியில் தன்னையே பார்த்து வரைந்தார். பாரம் தாங்காமல் அவர் முனகியபோது, படம் நன்றாகத்தான் வரும் என்று பிள்ளை அம்மாவைத் தேற்றினானாம். பிறகு அதை அச்சோவியமாகவும் ஆக்கினார். அதில் வரும் தாயிடம் அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளையின் மார்பில் முகத்தைப் புதைத்து, அவனை அப்படியே விழுங்கிவிடுபவள் போலக் கவிந்திருக்கிறாள். 1914-இல், முதல் உலகப் போரில், பீட்டர் 18 வயதில் மாண்டான். அதன் பிறகும் கோல்விட்ஸ் தாய்மார்களை வரைந்துகொண்டேதான் இருந்தார்.

பெண் படம் என்றாலே மை தீட்டிய கண்ணும் தலை நிறைய மல்லிகையும்தான் என்று நம்மைப் பழக்கிவிட்டார்கள். பத்திரிகைகளுக்கும் அதில் பங்குண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அலுப்பு, ஆத்திரம், யாரிடமும் சொல்லாத சந்தோஷம், இவற்றுக்கெல்லாம் முகமே வேண்டியதில்லை. வளைந்த தோள் போதும், வெறும் பாதம் போதும். பெரிய செலவும் இல்லை. பால் கணக்கு எழுதும் பென்சிலை லேசாக ஓட்டினால் தயக்கம் தெரியும், அழுத்தினால் கோபம் தெரியும்.

அந்தத் தோழியின் படத்தை நைந்த தாளோடு அப்படியே அச்சிட்டிருக்கிறோம். அடுத்த இதழுக்கு உங்கள் படங்களை அனுப்புங்கள். வரையத் தெரியாது என்று ஒதுங்காதீர்கள். ரப்பரை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்