மகாராஜாவின் பெட்டியும் நம்முடைய பெட்டியும்

ஒரு சின்னக் கேள்வி. நீங்கள் கல்லூரிக்கோ வேலைக்கோ தினமும் ஏறி இறங்கிய அந்தப் பழைய ரயில் பெட்டி இப்போது எங்கே இருக்கிறது?

ரொம்ப யோசிக்காதீர்கள். உடைத்து, எடை போட்டு, ஏலத்தில் விட்டிருப்பார்கள். அதில் ஒரு துண்டு உருகி, கம்பியாகி, உங்கள் வீட்டு ஜன்னலுக்கே வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

நான் பி.காம். படித்த மூன்று வருடமும் தாம்பரத்திலிருந்து மீட்டர் கேஜ் மின்சார ரயிலில்தான் போய் வந்தேன். கடற்கரை - தாம்பரம் பாதையில் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931ல். பூக்கூடை, டிபன் கேரியர், சீசன் டிக்கெட், சீட்டுக் கச்சேரி, ஓரக்கண் காதல் எல்லாவற்றையும் அது சுமந்தது. 2004 ஜூலையோடு அந்தப் பாதையில் மீட்டர் கேஜ் சேவை முடிந்தது. எழுபத்து மூன்று வருடம்! இன்று என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், ‘இதுலதான்டா அப்பா காலேஜ் போனேன்’ என்று ஏற்றிவிட, ஓடுகிற ஒரு பெட்டி கிடையாது.

சரி, ரயில் பெட்டியைப் பாதுகாக்கும் வழக்கமே நமக்கு இல்லையா? இருக்கிறதே! டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பாருங்கள். வேல்ஸ் இளவரசருக்காக 1875ல் செய்த சலூன் இருக்கிறது. மைசூர் மகாராஜாவின் சலூன் இருக்கிறது. பார்க்க வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் இளவரசர் அந்தப் பெட்டியில் எத்தனை நாள் போயிருப்பார்? நம் ஆட்கள் அந்த லோக்கல் ரயிலில் எத்தனை கோடித் தடவை போயிருப்பார்கள்? மகாராஜா உட்கார்ந்தது சரித்திரம், மாம்பலத்து கிளார்க் நின்றுகொண்டே போனது பழைய இரும்பு. இதுதான் நம் கணக்கு.

இந்தக் கணக்கை வேறு மாதிரி போட்ட ஓர் ஊரைப் பார்த்துவிட்டு வந்தேன். அதனால்தான் இந்த எரிச்சல்.

அமெரிக்காவில் சிகாகோ நகரத்திலிருந்து வடமேற்கே போனால், சோளக்காட்டுக்கு நடுவில் யூனியன் என்று ஒரு சின்ன ஊர். அங்கேதான் இல்லினாய் ரயில்வே அருங்காட்சியகம். உறவுக்காரர் வீட்டுக்குப் போன இடத்தில், பொழுது போகாமல்தான் போனேன். டிக்கெட் பரிசோதகர், டிரைவர், சிக்னல்காரர் எல்லோரும் யூனிபாரத்தில் கம்பீரமாக நிற்கிறார்கள். விசாரித்தால், அத்தனை பேரும் தொண்டர்கள். வாரக்கடைசியில் வந்து, பயிற்சி எடுத்து, விதிமுறைகளைப் படித்துத் தேறி, சம்பளமில்லாமல் ரயில் ஓட்டுகிறவர்கள்.

பட்டறைக்குள் எட்டிப் பார்த்தேன். எழுபது வயதிருக்கும் ஒரு பெரியவர், மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி மாட்டிக்கொண்டு, ரயில் மோட்டாரின் கம்யூட்டேட்டரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வட்டமாக வரிசையாக அடுக்கிய செப்புப் பட்டைகள். ஒவ்வொரு பட்டைக்கும் நடுவில் மைக்கா. ஓடி ஓடிச் செம்பு தேய்ந்துவிடும், மைக்கா அவ்வளவாகத் தேயாது. தூக்கிக்கொண்டு நிற்கும் மைக்காவில் கார்பன் பிரஷ் தட்டித் தட்டிப் பொறி பறக்கும். அதனால் ஒவ்வோர் இடுக்கிலும் மைக்காவைச் செம்புக்குக் கீழே இறங்கும்வரை சுரண்ட வேண்டும். ஒரே ஒரு மோட்டாரில் இப்படி நூற்றுக்கு மேல் இடுக்கு இருக்கலாம். பெரியவருக்கு அவசரமே இல்லை.

‘எப்போது முடியும்?’ என்று கேட்டேன்.

‘இந்த மோட்டாரா, இந்த வண்டியா?’ என்று திருப்பிக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

இதை ஆரம்பித்தது அரசாங்கம் இல்லை. இந்தியானா ரயில்ரோடு என்ற கம்பெனிக்காக 1931ல் செய்த 65ஆம் எண் மின்சார வண்டி ஒன்று, கம்பெனி மூடிய பிறகு வேறு ஊருக்குக் கைமாறி, கடைசியில் அங்கேயும் வேண்டாம் என்றாகிவிட்டது. பத்துப் பேர் சேர்ந்து பணம் போட்டு அதை வாங்கினார்கள். அதுதான் ஆரம்பம். நிறுத்தச் சொந்த இடம்கூடக் கிடையாது. ஒரு வார்ப்படத் தொழிற்சாலையின் வளாகத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டார்கள். 1964ல்தான் யூனியனுக்குக் குடிபோனார்கள். அங்கும் வெறும் நிலம்தான், தண்டவாளத்தை அவர்களே போட்டார்கள். இன்று நானூறுக்கும் மேற்பட்ட வண்டிகள். அந்த 65ஆம் எண் இன்றும் அங்கே இருக்கிறது.

அவர்கள் அந்த வண்டியை வாங்கிய வருடம் என்ன தெரியுமா? 1953.

அதே 1953, ஏப்ரல் மாதம். இங்கே மெட்ராஸில் டிராம் நின்றுபோனது. சாதாரண டிராம் இல்லை சார், 1895ல் ஆரம்பித்த மின்சார டிராம். இந்தியாவிலேயே முதல். கம்பெனி நொடித்தது, கதை முடிந்தது. இன்று ஓடுகிற நிலையில் ஒரே ஒரு மெட்ராஸ் டிராமைக் காட்ட முடியுமா? ஒரே வருடம். அங்கே பத்துப் பேர் ஒரு வண்டியை வாங்கினார்கள். இங்கே ஒரு நகரமே மொத்த டிராமையும் கைகழுவியது.

இதைச் சொன்னால் உடனே மூன்று பதில் வரும். ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதல் பதில்: ‘அவன் பணக்காரன், செய்வான்.’ மெய்ன் மாநிலத்தில் சீஷோர் டிராலி அருங்காட்சியகம் என்று ஒன்று இருக்கிறது. 1939ல் சில இளைஞர்கள், பஸ் வருகிறது என்று தூக்கிப்போட இருந்த 31ஆம் எண் டிராம் வண்டியை வாங்கினார்கள். விலை 150 டாலர். அந்தக் காலத்துக்கு அது சின்னத் தொகை இல்லைதான், ஆனால் கோடீஸ்வரன் தொகையும் இல்லை. கும்பலாகக் கைக்காசு போட்டால் கட்டுப்படியாகும் தொகை.

காமர்ஸ் படித்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். கணக்குப் புத்தகத்தில் ஒரு ரயில் பெட்டிக்கு வருடா வருடம் தேய்மானம் எழுதுவார்கள். கடைசியில் மிஞ்சுவது பழைய இரும்பின் விலை. வேறு மதிப்பு எழுத அந்தப் பக்கத்தில் பத்தியே கிடையாது. அந்தப் பெரியவரின் சனிக்கிழமைகளை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்? அவர்களிடம் இருந்த பெரிய மூலதனம் டாலர் இல்லை, சனிக்கிழமை. அது நம்மிடமும் வாரத்துக்கு ஒன்று வருகிறது.

இரண்டாவது பதில்: ‘நம்ம ஆளுக்கு அந்தத் திறமை கிடையாது.’ இதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வரும். 1855ல் செய்த நீராவி இன்ஜின், இ.ஐ.ஆர். 21. அதை 2010ல் மறுபடி ஓட வைத்தது யார்? நம் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் தொழிலாளிகள்! ஐ.சி.எஃப்.பில் பெட்டி கட்டி ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்கள்? தமிழ்நாட்டில் மோட்டார் வைண்டிங் கடை இல்லாத ஊர் உண்டா? எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைக் கொடுத்தால் சாயந்திரத்துக்குள் சுற்றிக் கொடுக்கும் ஆளுக்கு, ரயில் மோட்டாரின் ஆர்மேச்சர் அளவில் பெரிசாக இருக்கும், அவ்வளவுதான். திறமை தெருவுக்குத் தெரு இருக்கிறது. கூப்பிடத்தான் ஆளில்லை.

இன்னொரு விஷயம். நீராவி என்றால் நமக்கு உருக்கம். புகை வரும், கூவும், சினிமாவில் ஹீரோயின் ஜன்னலில் தலை நீட்டுவார். மின்சார வண்டி என்றால் வெறும் டப்பா. ஆனால் அந்த டப்பாதான் தாம்பரத்தையும் குரோம்பேட்டையையும் பல்லாவரத்தையும் மெட்ராஸோடு சேர்த்தது. நீராவி ஊரைக் கடந்து போனது. மின்சார ரயில் ஊரைப் பெரிதாக்கியது.

மூன்றாவது பதில்: ‘அதான் மியூசியத்துல நிறுத்தி வச்சிருக்கே, போதாதா?’ போதாது. ஓர் அருங்காட்சியகத்தில் (ஊர் பெயர் வேண்டாம்) திறந்தவெளியில் நின்ற ஒரு பெட்டியைப் பார்த்தேன். பளபளவென்று பெயிண்ட். படிக்கட்டுக்குக் கீழே விரலால் தட்டினேன், துரு பொலபொலவென்று கொட்டியது. அங்கிருந்த ஊழியரிடம், ‘வாரக்கடைசியில் நாலு பேர் வந்து இதைச் சுத்தம் பண்ணட்டுமா? காசு வேண்டாம்’ என்றேன்.

‘அதுக்கெல்லாம் ரூல் கிடையாது சார். அதான் பெயிண்ட் அடிச்சாச்சே, நல்லாத்தானே இருக்கு?’

நல்லாத்தான் இருக்கு. சவத்துக்கும் சந்தனம் பூசுகிறோமே, அப்படி.

நின்றுவிட்ட மின்சார வண்டி சும்மா நிற்பதில்லை, செத்துக்கொண்டிருக்கிறது. மோட்டார் சுருளின் இன்சுலேஷன் ஈரம் குடிக்கும். பேரிங் துருப்பிடிக்கும். மரச்சட்டம் அடியிலிருந்து இற்றுப்போகும். வண்டியோடு சேர்ந்து வித்தையும் போகும். பழைய டிராமை ஓட்டுகிறவர் கைப்பிடியைப் படிப்படியாகத் திருப்புவார். முதலில் மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து மின்னழுத்தத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும், வண்டி மெதுவாகக் கிளம்பும். வேகம் பிடித்ததும் பக்கம் பக்கமாக இணைந்து ஒவ்வொன்றும் முழு அழுத்தத்தையும் வாங்கிக்கொள்ளும். இதைப் புத்தகத்தில் படிக்கலாம். ஆனால் எந்த நொடியில் அடுத்த படிக்குப் போக வேண்டும் என்பது கைக்குத்தான் தெரியும். அந்தக் கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனால்தான் உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க முடியாத அருங்காட்சிப் பொருள் அது.

அமெரிக்காக்காரன் செய்வதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. யூனியனிலும் வருடக்கணக்கில் முறை வராமல் கொட்டகையில் தூங்கும் வண்டிகள் ஏராளம். நான் பார்த்த தொண்டர்களில் பாதிப்பேருக்குத் தலை நரைத்திருந்தது, இவர்களுக்குப் பிறகு யார் என்ற கவலை அவர்களுக்கும் உண்டு. ஆனால் கொட்டகையில் தூங்கும் வண்டியை நாளைக்கு எழுப்பலாம். உருக்கிய வண்டியை எழுப்ப முடியாது.

இது ஏதோ முடிந்துபோன கதை என்று நினைக்காதீர்கள். மும்பையில் பழைய டி.சி. மின்சார லோக்கல்கள் 2016 ஏப்ரலில் கடைசியாக ஓடின. கொல்கத்தாவில் ஒரு சின்னச் சுற்றுப்பாதையைத் தவிர மற்ற டிராம் சேவையை நிறுத்தப்போவதாக 2024 செப்டம்பரில் அந்த மாநில அரசு அறிவித்தது. சென்னையில் 2025 ஏப்ரலில் ஏ.சி. மின்சார ரயில் வந்துவிட்டது. வரட்டும், ஜில்லென்று போவோம். ஆனால் இன்று நீங்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கும் வண்டிக்கும் ஒரு கடைசி நாள் வரும். அன்றைக்கு என்ன செய்வோம்? மாலை போடுவோம், தேங்காய் உடைப்போம், செல்ஃபி எடுப்போம். அப்புறம் ஏலம்.

ரயில்வேயிடம் கேட்பது ரொம்பப் பெரிசில்லை. ஒவ்வொரு வகை மின்சார வண்டி ஓய்வு பெறும்போதும் ஒரே ஒரு தொடரை, உதிரி பாகங்களோடும் வரைபடங்களோடும், கூரைக்குக் கீழே, ஓடும் நிலையில் எடுத்து வையுங்கள். ஓட்டிக் காட்ட ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் கொடுங்கள். அருங்காட்சியகப் பட்டறையின் கதவை வாரம் இரண்டு நாள் பொதுமக்களுக்குத் திறந்து விடுங்கள். பாதுகாப்புப் பயிற்சி கொடுங்கள், பரீட்சை வையுங்கள், தேறாதவனை வெளியே அனுப்புங்கள். ‘ரூல் கிடையாது’ என்றால், ரூல் எழுதுங்கள். எழுதுவதற்குத்தானே ஆபீஸ் இருக்கிறது?

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கதவு திறந்தால் நீங்கள் வருவீர்களா? ‘கவர்ன்மென்ட் எதுவுமே செய்யறதில்லை சார்’ என்று பொருமுவது சுலபம். அந்தப் பத்துப் பேர் அப்படிப் பொருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் 65ஆம் எண் 1953லேயே உருகியிருக்கும். துரு சுரண்டினால் நகத்தில் அழுக்கு ஏறும், முதுகு வலிக்கும், யாரும் மாலை போட மாட்டார்கள். முடியும்போது நீங்கள் இருப்பீர்களா என்பதற்குக்கூட உத்தரவாதம் இல்லை.

மகாராஜாவின் பெட்டியைப் பார்த்துக்கொள்ள அரசாங்கம் இருக்கிறது. நம்முடைய பெட்டியை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். என் சனிக்கிழமைகளைத் தர நான் தயார். இன்னும் ஒன்பது பேர் வேண்டும்.