பேப்பர் போட்டா துரோகியா?

மகிந்திரா சிட்டியிலயும் சிறுசேரியிலயும் பொட்டி தட்டுற அண்ணன், அக்காக்கள்கிட்ட கேட்டுப் பாருங்க. பேப்பர் போட்ட மறுநாளே துரோகி பட்டம். 90 நாள் நோட்டீஸ் முடிக்கலேன்னா ரிலீவிங் லெட்டர் கிடையாதுன்னு மிரட்டல்.

மகிந்திரா சிட்டியில பெரிய வளாகம் வச்சிருக்கிற இன்ஃபோசிஸோட ஷரத்து ஒண்ணு 2022-ல சந்திக்கு வந்துச்சு. விலகினா 6 மாசத்துக்கு, பழைய வாடிக்கையாளரோட வேலைக்காக டிசிஎஸ், விப்ரோ பக்கம் போகக் கூடாதாம். கேட்டா, வழக்கமான நடைமுறைதானாம்!

மக்களே, பி.காம்ல நாம படிக்கிற 1872 ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27 என்ன சொல்லுது? தொழில் செய்யவிடாம தடுக்கிற ஒப்பந்தம் செல்லாது. நோட்டீஸ் முடியாம கிளம்பினா நஷ்டஈடு கேட்கலாம். வந்து வேலை பாருன்னு கோர்ட்டே கட்டாயப்படுத்தாது.

அப்புறம் எதுக்குப் பயம்? அடுத்த கம்பெனி கேட்குற அந்த ஒத்தைக் காகிதத்துக்குத்தான். உழைச்சதுக்கான சான்றைப் பிடிச்சு வச்சு மிரட்டுறதுக்குப் பேரு நிர்வாகமா?