உலையைத் திறந்துவிடுங்கள், ஐயா

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் ஐயா அவர்களுக்கு,

கற்சிற்பப் பிரிவின் மூன்றாம் ஆண்டு மாணவி எழுதுகிறேன். பட்டறைக்குப் பின்னால் இருக்கும் கொல்லுலையைப் பூட்டி ஒரு பருவம் முடிந்துவிட்டது. மழுங்கிய உளிகளைச் சாக்கில் கட்டி வெளியே அனுப்புகிறோம். வாரம் ஒருமுறை திரும்பி வருகின்றன. தீ விபத்து நேர்ந்துவிடக் கூடாது என்ற தங்கள் கவலை நியாயமானதுதான். ஆனால் கருங்கல்லில் உளி மழுங்க வாரக்கணக்கு ஆகாது. சில மணி நேரம் போதும்.

சிலையின் அளவு விகிதங்களைச் சொல்லும் தாலமானப் பாடத்தின் தேர்வில் எனக்கு நல்ல மதிப்பெண். உத்தம தச தாலம் 124 அங்குலம், நவதாலம் 108, அங்குலத்துக்கு எட்டு யவம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இந்த அங்குலம் கடையில் வாங்கும் ஸ்கேலில் இருக்காது, சிலையின் உயரத்திலிருந்தே பிறப்பது. நான்கடி உயர உத்தம தச தாலச் சிலையென்றால் ஓர் அங்குலம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு யவம் ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். உதட்டோரத்தில் அந்த ஒரு யவத்தை மழுங்கிய உளி எடுத்துத் தராது. அது கல்லைச் செதுக்காமல் நசுக்கும். நசுங்கிய இடம் வெளுக்கும். அந்தத் தழும்பைப் போக்க இன்னும் ஆழம் போனால் கணக்கே போயிற்று. கரும்பலகையில் படித்த அளவு கல்லில் தவறிப்போவது இப்படித்தான்.

உளி கூராக்குவதும் பாடம்தான். நுனி சிவக்கக் காய்ச்சி, தட்டிக் கூராக்கி, நுனியை மட்டும் தண்ணீரில் தோய்த்து எடுத்தால் மேலிருந்து சூடு மெல்ல இறங்கி வரும். வைக்கோல் நிறம் நுனியைத் தொட்டதும் மறுபடி தோய்க்க வேண்டும். முந்தினால் உளி உடையும், பிந்தினால் வளையும். முதலாண்டில் நான் உடைத்தவை எத்தனை என்று என் ஆசிரியரைக் கேட்டால் சிரிப்பார்.

உலை இல்லாததால், உளிக்குப் பதிலாகக் கல்லைத் தேய்க்கக் கை கிரைண்டருக்குப் போகிறது. கருங்கல் தூசி நுரையீரலில் படிந்தால் திரும்ப வராது. தீயைத் தவிர்த்து இதைப் பிடித்துக்கொண்டோம்.

உளி செய்த வேலையை நேரில் காண மாமல்லபுரம் போகலாம். அங்கே வலையன்குட்டை ரதத்தையும் பிடாரி ரதங்களையும் பார்க்க வருகிறவர்கள் குறைவு. மேலே வடிவம் பெற்று, கீழே பாறையாகவே நிற்பவை அவை. முடிந்த சிற்பம் மறைத்துவிடுகிற உளித்தடத்தை முடியாத சிற்பம் காட்டுகிறது. சிற்ப மாணவருக்கு அதைவிட நல்ல பாடநூல் கிடையாது. உளி தீட்ட நெருப்பில்லாமல் அந்தப் பாறையில் யாரும் இறங்கியிருக்க மாட்டார்கள்.

வாரம் இரண்டு நாள், காலையில் இரண்டு மணி நேரம் போதும். ஆசிரியர் உடனிருக்கட்டும், மணல் வாளியும் தண்ணீர்த் தொட்டியும் பக்கத்தில் இருக்கட்டும். இதையே மனுவாகக் கொடுத்தோம். பதில் வராததால்தான் இப்படி எல்லோரும் படிக்க எழுத நேர்ந்தது, பொறுத்தருள்க. இறுதியாண்டுச் சிற்பங்களுக்கான கல் அடுத்த மாதம் வந்து இறங்குகிறது. அதற்கு முன் உலையைத் திறக்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மாணவி,
கற்சிற்பப் பிரிவு, மூன்றாம் ஆண்டு