முப்பது வருசம் ஓடுன மெஷினும் ஒரு பச்சை வயரும்

 

நம்மாளுங்க கிட்ட ஒரு பேச்சு உண்டு. பழைய ஃபேன், பழைய மிக்ஸி, பழைய கிரைண்டர் எதைப் பார்த்தாலும், "அந்தக் காலத்து இரும்புப்பா, இப்ப வர்ற பிளாஸ்டிக் மாதிரியா?"ன்னு ஒரு பெருமூச்சு விடுவோம். போன மாசம் வரைக்கும் நானும் அந்தக் கட்சிதான். இப்ப கட்சி மாறிட்டேன். முழுசா இல்ல, பாதி.

வருசநாட்டுல அப்பத்தா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துடுச்சு. எலும்பு தப்பிச்சுது, மணிக்கட்டுல வீக்கம் மட்டும். சரி, சுவத்துல ஒரு ஸ்டீல் கைப்பிடி அடிச்சு விட்டுட்டா அதைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிக்கும்னு, கைப்பிடியும் போல்ட்டும் பையில போட்டுக்கிட்டு வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறிட்டேன். ஞாயித்துக்கிழமை ராத்திரி திரும்பணும். நாலு ஓட்டை போடுற வேலை, அரை மணி நேரம்னு கணக்கு.

டிரில் மெஷின் பக்கத்துத் தெரு மாமா கிட்ட இருந்துச்சு. என்னை விட ரெண்டு வயசு மூத்த மெஷின். முழுக்க உலோக பாடி, தூக்குனா தோள்பட்டை இறங்கிடும். "எடுத்துட்டுப் போ மாப்ள, முப்பது வருசமா ஓடுது, ஒரு நாளும் மக்கர் பண்ணுனதில்ல"ன்னார். வீட்டுக்கு வந்து சொருகி விசையை அமுக்குனா, ஒரு தடவை ஓடுது, ரெண்டு தடவை ஓடல. ஓடுறப்ப பின்னாடி ஓட்டை வழியா நீலமும் ஆரஞ்சுமா பொறி பறக்குது. கையில லேசா சுர்ருன்னு ஒரு உணர்வு வேற. அதை நான் கண்டுக்கல. அதுதான் இந்தப் பதிவே.

முதல்ல என்ன பண்ணேன் தெரியுமா? நேரா முன்னாடி கியர் பாக்ஸைக் கழட்டிட்டேன்! ஆபீஸ்ல ஒரு பக் வந்தா லாக் பார்க்காம கோடுல கை வைக்காதீங்கன்னு ஜூனியர் பசங்களுக்கு வகுப்பு எடுக்குறவன் நான். கையெல்லாம் பழைய கிரீஸ். கியர்ல ஒரு கோளாறும் இல்ல. திரும்ப மாட்டுறதுக்குள்ள சனிக்கிழமை மத்தியானம் ஆகிப் போச்சு.

அப்புறம்தான் புத்தி வந்து, கரண்ட் உள்ள வர்ற பக்கத்துல இருந்து வரிசையா பார்த்தேன். பிளக்கை சாக்கெட்ல இருந்து எடுத்துட்டு, அதோட ரெண்டு சின்னப் பின்னுலயும் மல்ட்டிமீட்டரை வச்சு, விசையை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒயரை அங்கிட்டும் இங்கிட்டும் வளைச்சேன். கைப்பிடிக்குள்ள ஒயர் நுழையுற இடத்துல வளைச்சா முள்ளு விழுது, எந்திரிக்குது. ஒயர் உள்ள அத்திருக்கு. பழைய மெஷின்ல பாதிக் கோளாறு இந்த ஒரு இடத்துலதான் இருக்கும், ஏன்னா வளைஞ்சு நிமிர்ற இடம் அதுதான்.

பொறிக்குக் காரணம் கார்பன் பிரஷ். சுத்துற ஆர்மேச்சருக்கு கரண்ட் குடுக்கணும்ல, அதுக்கு ரெண்டு கரித்துண்டு ஸ்பிரிங் அழுத்தத்துல செம்புப் பட்டைகள் மேல உரசிக்கிட்டே இருக்கும். உரச உரசத் தேயும். ரொம்பத் தேஞ்சா ஸ்பிரிங்குக்கு அழுத்த பலம் போதாது, கரி எகிறும், பொறி பறக்கும். நம்ம மிக்ஸிக்குள்ள இருக்குறதும் இதே ஜாதி மோட்டார்தான். ஜெர்மனியில ஃபெயின் கம்பெனிக்காரங்க கையில தூக்குற எலக்ட்ரிக் டிரில்லை 1895லயே செஞ்சுட்டாங்க. துப்பாக்கி மாதிரி கைப்பிடியும் விசையும் வச்சதுக்கு பிளாக் அண்ட் டெக்கர் காப்புரிமை வாங்குனது 1917ல. அன்னைக்கு வந்த உருவம் இன்னும் பெருசா மாறல.

ஒண்ணு ஒத்துக்கணும், மாமாவோட மெஷின்ல பிரஷ் மாத்துறது சுலபம். ரெண்டு பக்கமும் வெளியவே மூடி இருக்கு, ஸ்குரூ டிரைவரால திருகுனா பிரஷ் கையில வந்துடும். என் பழைய ரூம் மேட் வாங்குன ஒரு மெஷின்ல இதுக்கே பாடியை ரெண்டாப் பிளக்க வேண்டியிருந்துச்சு. இந்த விஷயத்துல பழசு கட்சிக்கே என் ஓட்டு.

பிரஷ் ஜோடிக்காக ஞாயித்துக்கிழமை காலையில கடமலைக்குண்டு வழியா தேனிக்குப் போய், ஒரு வைண்டிங் கடை அண்ணனைக் கெஞ்சிக் கதவைத் திறக்க வச்சேன். மெஷினை வாங்கி அவர் முதல்ல பார்த்தது பிரஷ்ஷை இல்ல, பிளக்கை. "தம்பி, பச்சை எங்க?"

பிளக்கைப் பிரிச்சா சிவப்பு இருக்கு, கருப்பு இருக்கு. பச்சை ஒயரை ஒட்ட நறுக்கி விட்டிருக்காங்க. பெரிய பின்னு சும்மா வெறும் பித்தளை.

அடுத்து பிரஷ் இருக்குற இடத்தைத் திறந்து காட்டுனார். முப்பது வருசக் கரித்தூள் மை மாதிரி அப்பியிருக்கு. கரித்தூள் கரண்டைக் கடத்தும். பிரஷ் மாட்டுற இடத்துல இருந்து அந்தத் தூள் மேல ஏறி உலோக பாடிக்கு கரண்ட் கசிஞ்சிருக்கு. எர்த் ஒயர் இருந்திருந்தா அந்தக் கசிவு பூமிக்குப் போயிருக்கும். இல்லாததால என் கைக்கு வந்துச்சு. சுர்ருன்னது அதுதான்!

இந்த மெஷினை வச்சுக்கிட்டுத்தான் நான் ஈரத் தரையில வெறுங்காலோட நின்னு சுவத்துல ஓட்டை போட இருந்தேன்.

'எம்.சி.பி. இருக்கே, விழுந்துடாதா?'ன்னு நானும் கேட்டேன். விழாது மக்களே. 6 ஆம்பியர் எம்.சி.பி. ஒயரைக் காப்பாத்த இருக்குறது, நம்மளை இல்ல. மனுச உடம்புல ஒரு 10 மில்லி ஆம்பியர் போனாலே தசை இறுகி, பிடிச்சதை விட முடியாம போகலாம். 30 மில்லி ஆம்பியருக்கு மேல கொஞ்ச நேரம் போனா இதயத்துக்கே ஆபத்து. 6 ஆம்பியர்ங்கறது அந்த 30-ஐ விட 200 மடங்கு. நாம செத்து முடிஞ்ச பின்னாடியும் எம்.சி.பி. நிம்மதியா மேலதான் நிக்கும். ஆளைக் காப்பாத்துறது ஆர்.சி.சி.பி. போற கரண்டும் வர்ற கரண்டும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டாலே கட் பண்ணிடும். எங்க வீட்டுல அது இல்ல. உங்க வீட்டுல?

ரெண்டு பின் மெஷின் எல்லாமே தப்புன்னு கிளம்பிடாதீங்க. நாம திட்டுற 'பிளாஸ்டிக்' மெஷின் மேல, சதுரத்துக்குள்ள சதுரமா ஒரு குறி போட்டிருக்கும் பாருங்க. டபுள் இன்சுலேஷன்னு அர்த்தம். அதுக்கு எர்த்தே தேவையில்ல. அந்தக் காலத்து இரும்புக்கு எர்த் ஒயர்தான் உசுரு. அதை நறுக்கிட்டு "எப்படி உழைக்குது பாரு"ன்னு பெருமை பேசுனா, அது மெஷினோட பெருமை இல்ல, நம்ம செருப்போட பெருமை. மாமா ரப்பர் செருப்போட, காஞ்ச தரையில, மரவேலைக்கு மட்டும் அதை வச்சிருந்தார். ஒண்ணும் ஆகாம இருந்ததுக்கு அவ்வளவுதான் காரணம்.

அண்ணன் கரித்தூளை பிரஷ் வச்சுத் தட்டி எடுத்தார். செம்புப் பட்டையை ஜீரோ நம்பர் உப்புத்தாள்ல லேசாத் தேச்சார் (எமரி பேப்பர் கூடாதாம், அதோட தூளும் கரண்ட் கடத்துமாம்). புது பிரஷ், புது மூணு கோர் ஒயர், புது பிளக். அப்புறம் மெக்கர் வச்சு இன்சுலேஷன் பார்த்தார். இதை என் மல்ட்டிமீட்டர்ல பார்க்க முடியாது, 9 வோல்ட் பேட்டரிக்கு அந்தக் கசிவு மாட்டாது. எல்லாம் பாஸ்.

ஆனாலும் அந்த மெஷினை பாத்ரூமுக்குக் குடுக்க மாட்டேன்னுட்டார். "உங்க வீட்டு சாக்கெட்டுல எர்த் இருக்கான்னு யாருக்குத் தெரியும்? குழி காஞ்சு கெடந்தா மூணு பின் இருந்தும் பிரயோசனம் இல்ல தம்பி." அவரோட பேட்டரி டிரில்லைக் கையில குடுத்து, கண்டமனூர் பக்கம் போற தெரிஞ்ச பையன் கிட்ட நாளைக்குத் திருப்பிக் குடுத்து விடுன்னார். முன்ன பின்ன தெரியாத ஆளுக்கு இப்படி ஒரு நம்பிக்கை! பெங்களூர்ல எனக்கு யாரும் ஸ்டேப்ளர் கூடத் தந்ததில்ல :-)

நாலு ஓட்டை, நாப்பது நிமிசம். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் மிச்சம். அந்த நேரத்துல மாமா கிட்ட மெஷினைக் குடுக்கப் போனேன். பச்சை ஒயரை நறுக்குனது யாருன்னு கேட்டேன்.

"நான்தான் மாப்ள. அப்ப வீட்டுல ரெண்டு பின் சாக்கெட்டுதான் இருந்துச்சு. அது என்னத்துக்கு உபரியா ஒரு ஒயருன்னு வெட்டி விட்டேன்." கொஞ்ச நேரம் மெஷினையே பார்த்துக்கிட்டு இருந்துட்டு, "உங்க அத்தை கூட ஒரு நாள் சுருக்குங்குதுன்னு சொல்லுச்சு. நான்தான் திட்டிட்டேன்"ன்னார்.

அடுத்த தடவை போறப்ப ரெண்டு வீட்டுக்கும் ஆர்.சி.சி.பி. போட்டு, எர்த் குழியையும் தோண்டிப் பார்க்கணும்னு எலக்ட்ரீசியன் கிட்ட சொல்லி வச்சிருக்கேன்.

பி.கு: நேத்து அம்மா போன்ல சொன்னாங்க, அப்பத்தா அந்தக் கைப்பிடியில துண்டு காயப் போட்டிருக்காம். எந்திரிக்குறப்ப இன்னும் சுவத்தைத்தான் பிடிக்குதாம்.