புரவலர் ஒருவரே ஆயின்

இளவெளிமான் அளித்த சிறு பரிசிலைக் கொள்ளாது நீங்கிய பெருஞ்சித்திரனார், குமணனிடம் யானை பெற்று மீண்டு, அதனை இளவெளிமானூர்க் காவன்மரத்திற் பிணித்துச் சென்றமை புறநானூறு பயின்றார் அறிந்ததே. அப்புலவரின் பெருமிதத்தை மாணாக்கர்க்கு எடுத்துரைக்கும்போதெல்லாம், குமணன் என்றொருவன் இல்லாதிருந்தால் அவர் யாது செய்திருப்பார் என்று யான் வினாவுவதுண்டு.

இற்றைக் கைத்தொழிலுலகில் அவ்வினா கற்பனையன்று. இங்கிலாந்திலுள்ள இமாஜினேசன் என்னுங் கம்பனி, கைத்தொலைபேசித் திரையிற் படங்களைத் தோற்றுவிக்கும் நுண்சில்லுக்கு அமைப்பு வகுத்து, அதனைக் கையாளும் உரிமையைப் பிறர்க்கு விற்பது. 2007ஆம் ஆண்டின் முதல் ஐபோன் தொட்டு அப்பிள் கம்பனி அவ்வமைப்பையே கையாண்டது. நாளடைவில் இமாஜினேசனின் வருவாயிற் பாதியளவு அப்பிளிடமிருந்தே வரலாயிற்று. பெரும் வாடிக்கையாளர் வாய்த்தல் பேறுதான். ஆராய்ச்சிக்குப் பொருள் கிடைக்கும். குறை கண்டு திருத்துவாரும் கிடைப்பர். ஆயின், அவர் வேண்டுவதொன்றையே ஆராயும் பழக்கமும் உடன் வளரும். மேலும், நெடுநாள் உடனிருந்தவர் தாமே அதனைச் செய்துகொள்ளத் துணிதலுங் கூடும். 2017 ஏப்பிரிலில் நிகழ்ந்தது அதுவே. அப்பிள் தன் சில்லுகளுக்குத் தானே அமைப்பு வகுத்து, ஈராண்டுக்குள் விலகப்போகின்றது என்னுஞ் செய்தி வெளிவந்த அன்றே இமாஜினேசனின் பங்கு விலை நூற்றுக்கு அறுபதுக்கு மேல் வீழ்ந்தது. அவ்வாண்டிலேயே அக்கம்பனி 55 கோடி பவுணுக்கு விலைபோயிற்று.

இதுகொண்டு, பெரியாரைச் சார்ந்தார் புதுமை காணார் என முடிபு கட்டுவாரோடு யான் உடன்படேன். ஒல்லாந்திலுள்ள ஏ.எஸ்.எம்.எல். நுண்சில்லிற் கோடு பொறிக்கும் இயந்திரங்களைச் செய்வது. அதற்கும் வாடிக்கையாளர் மிகச் சிலரே. 2012இல் அவருள் மூவர் — இன்டெல், தாய்வானின் ரி.எஸ்.எம்.சி., கொரியாவின் சம்சுங் — அதன் பங்குகளை வாங்கியதோடு, ஐந்தாண்டு ஆராய்ச்சிக்கென 138 கோடி யூரோ தரவும் இசைந்தனர். மூவருந் தம்முட் போட்டியாளர். ஆராய்ச்சியின் பயன் சில்லுச் செய்வோர் அனைவர்க்கும் தடையின்றிக் கிடைக்கும் என்பது ஏற்பாடு. என் கருத்தில், கொடுத்த தொகையினும் பெரிது இவ்வேற்பாடே. மிகக் குறுகிய அலைநீளமுடைய ஊதாகடந்த ஒளியாற் பொறிக்கும் இயந்திரத்தை இன்று உலகிற் செய்து விற்கும் நிறுவனம் அஃதொன்றே.

இமாஜினேசனின் கலைத்திறம் குன்றியதனாற்றான் அப்பிள் விலகிற்று என எண்ணவேண்டா. 2020 சனவரியில் அப்பிள் அதனிடம் மீண்டும் உரிமம் பெற்றது. அதற்குள் கம்பனி கைமாறி இரண்டாண்டு கடந்திருந்தது.