பெருங்குடி ஸ்டேஷனும் ஒரு டீக்கடையும்

சென்னை பறக்கும் ரயிலில் வேளச்சேரிக்கு முந்தைய ஸ்டேஷன் பெருங்குடி. 2007-ல் திருவான்மியூர் – வேளச்சேரி பாதையோடு திறக்கப்பட்டது. பெயர்தான் பெருங்குடி. பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் பெருங்குடி ஆபீஸ்களுக்கு இங்கிருந்து எளிதில் நடந்து போய்விட முடியாது. சற்றுத் தள்ளி, 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்பு நிலம்.

காலையும் மாலையும் கொஞ்சம் கூட்டம் இருக்கும். மற்ற நேரத்தில் அந்தப் பெரிய கட்டடத்தில் காலடிச் சத்தம்கூட எதிரொலிக்கும். அமைதி பிடித்தவர்களுக்குச் சொர்க்கம்! ஆனால் இரவு ஒன்பது மணிக்குத் தனியாக இறங்கும் ஒரு பெண்ணுக்கு?

"ஜனங்களே வருவதில்லை, தண்டச் செலவு" என்று பலரும் சொல்கிறார்கள். குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய்தான். அப்படியும் அதைவிடப் பல மடங்கு கொடுத்து ஆட்டோவில் போகிறார்களே, ஏன்? காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு விடை தெரியும். பயணத்தின் விலை டிக்கெட்டோடு முடிவதில்லை. இருட்டில் நடப்பதும், படிக்கட்டில் யார் நிற்கிறார்களோ என்ற பயமும் அந்த விலையில் சேரும். எல்லாவற்றையும் கூட்டினால் ஆட்டோவே மலிவு!

சரி, வழி என்ன? கூட்டம் இல்லாததால் கடை வருவதில்லை. கடை இல்லாததால் கூட்டம் வருவதில்லை. முட்டை முந்தியா, கோழி முந்தியா கதைதான். இதை உடைக்க வேண்டியது கட்டடத்தின் சொந்தக்காரர். காலியாகக் கிடக்கும் இடத்தில் இன்றைய வருமானம் பூஜ்யம். முதல் இரண்டு வருடம் பெயரளவு வாடகைக்கு ஒரு டீக்கடை, ஒரு ஜெராக்ஸ் கடை, ஒரு மருந்துக்கடை வைக்க விட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. இரவு பத்து மணி வரை திறந்திருக்கும் டீக்கடை, சம்பளம் வாங்காத காவல்காரர் மாதிரி. கூடவே வாசலில் நல்ல விளக்கும், ரயில் நேரத்துக்கு ஒரு மினி பஸ்ஸும் வேண்டும்.

திருமயிலையிலிருந்து வேளச்சேரி வரையிலான இரண்டாம் கட்டத்தின் செலவில் பெரும்பங்கு மாநில அரசுடையது, அதாவது நம் வரிப்பணம். பறக்கும் ரயிலை மெட்ரோவோடு இணைக்கும் பேச்சு பல வருடங்களாக நடக்கிறது. இணையட்டும், நல்லதுதான். ஆனால் பெயர்ப் பலகையை மாற்றிப் பெயின்ட் அடித்தால் மட்டும் போதாது. பிளாட்பாரத்திலிருந்து தெருமுனை வரை பயமில்லாமல் நடக்க முடிந்தால், ஜனங்கள் தானாக வருவார்கள்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் நண்பர்களே?